பிறந்த மண்ணில் நின்ற விமானி

1947-இல் இந்தியா பிரிக்கப்பட்டபோது, படைகளில் இருந்த முஸ்லிம் அதிகாரிகள் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது: இந்தியாவா, பாகிஸ்தானா? அவர்களில் ஒருவர் இத்ரீஸ் ஹசன் லத்தீப். அப்போது அவருக்கு வயது 24.

1923-இல் ஹைதராபாத்தில் பிறந்து, நிஜாம் கல்லூரியில் பயின்று, 1942-இல் விமானப்படை அதிகாரியானவர் அவர். உலகப் போரின்போது இங்கிலாந்து சென்று ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களில் பயிற்சி பெற்றார். திரும்பியதும் பர்மா போர்முனையில் ஜப்பானியருக்கு எதிராகப் பறந்தார்.

பிரிவினையின்போது சக அதிகாரிகளான அஸ்கர் கானும் நூர் கானும் அவரைப் பாகிஸ்தானுக்கு அழைத்தார்கள். இருவருமே பின்னாளில் அந்நாட்டு விமானப்படைக்குத் தலைமை ஏற்றவர்கள். லத்தீபின் சொந்த ஊரோ அப்போது நிஜாம் ஆட்சியில் இருந்தது. அது இந்தியாவுடன் இணைந்தது 1948-இல்தான். ஆகவே, தயங்க அவருக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் மார்க்கம் வேறு, நாடு வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். இந்தியாவிலேயே தங்கிவிட்டார்.

1950 ஜனவரி 26, முதல் குடியரசு தினம். டில்லி வானில் விமான அணிவகுப்பை முன்னின்று நடத்தியவர் லத்தீப். 1971 போரின்போது தலைமையகத்தில் திட்டப் பிரிவில் பொறுப்பு வகித்தார். 1978-இல் விமானப்படையின் தலைமைத் தளபதியானார். அப்பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் அவரே. எதிரி எல்லைக்குள் ஊடுருவித் தாக்கும் ஜாகுவார் விமானங்கள் அவர் காலத்தில்தான் படையில் சேர்ந்தன. 1981-இல் ஓய்வு பெற்றபின் மகாராஷ்டிர ஆளுநராகவும், பிரான்சுக்கான தூதராகவும் பணியாற்றினார். 2018-இல், 94-ஆம் வயதில், பிறந்த ஹைதராபாத்திலேயே காலமானார்.

அழைப்பை மறுத்த நாளில் அவருக்கு எந்தப் பதவியையும் யாரும் உறுதி சொல்லவில்லை. தலைமைப் பொறுப்பு வர 31 ஆண்டுகள் ஆயின.

இங்கே சிங்கப்பூரில் கடை வைத்திருந்த என் பாட்டனாரிடமும் "ஊருக்கே திரும்பிப் போகலாமே" என்று சொன்னவர்கள் உண்டு. "பிள்ளைகள் படிப்பது இங்கே, தொழில் இங்கே, தொழும் பள்ளிவாசலும் இங்கே, இனி இதுதான் ஊர்" என்பாராம். அந்தக் கடையை இன்று நடத்துகிறவன் நான். பாட்டனார் எடுத்த முடிவின் கனத்தை, லத்தீபின் வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.