பலகை சொல்லாதது

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பஞ்சாபில் 1987இலேயே தொடங்கியிருந்த முயற்சிக்கு இது தம்பி. இடைத்தரகர் இல்லை, விளைவித்தவருக்கு அடையாள அட்டை உண்டு, மொத்த விலைக்குச் சற்று மேலும் கடைவிலைக்குக் கீழுமாக அன்றைய விலை பலகையில் எழுதப்படும். காரைக்குடிக்கும் அச்சந்தை வந்தது. ஆனால் பூச்சிமருந்தைப் பற்றி அப்பலகை எதுவும் சொல்லவில்லை.

அதைப் பேசியவர், அண்டைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் கொழுஞ்சிப் பண்ணை கண்டு, 2013இல் மறைந்த நம்மாழ்வார். இயற்கை விளைபொருளுக்கு மதிப்புக் கூடியது. விலையும் கூடிற்று என்பதே நமது வருத்தம். சான்றிதழ் ஒட்டிய கத்தரிக்காய் கூலிக்காரர் வீட்டுக் குழம்பில் சேர்வது அரிது. உழவர் சந்தையிலோ விற்பவரே விளைவித்தவர். "என்ன மருந்து அடித்தீர்கள், ஐயா?" என்று நேரே கேட்கலாம். நாமோ கொசுறுக் கறிவேப்பிலையை மட்டும் கேட்டு வாங்கித் திரும்புகிறோம்.