பூக்குமுன் பறிக்கப்படும் பயிர்

கொத்தமல்லியின் வரலாறு பெரும்பாலும் வணிகர்களின் வரலாறாகவும் சமையலறையின் வரலாறாகவுமே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அதன் பூவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் மனிதனைவிடப் பூச்சிக்கே பங்கு அதிகம்.

குடை விரித்தாற்போல் அமைந்த கொத்தமல்லிப் பூங்கொத்தில் ஓரப் பூக்கள் முதலில் விரியும். அவற்றின் வெளியிதழ்கள் சற்றே பெரியவை. ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் முதலில் முதிரும். சூல்முடி பின்னரே பக்குவமடையும். ஆகவே ஒரு பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது அரிது. அடுத்த பூவிலிருந்தோ அடுத்த செடியிலிருந்தோ யாரேனும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கொம்புத் தேனீயும் அடுக்குத் தேனீயும் மலைத் தேனீயும் பலவகை ஈக்களும் அந்த வேலையைச் செய்கின்றன. பூச்சிகள் தாராளமாக வந்துபோன வயலில் மணிகள் கூடுதலாகப் பிடிக்கும், எடையும் கூடும். நாம் விதை என்று அழைக்கும் தனியா, உண்மையில் இரண்டு பாதிகள் ஒட்டிய ஒரு கனி. உழவர்கள் அதைத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைப்பது இதனால்தான்.

பூவும் பூச்சியும் கொண்ட இந்த உறவை விரிவாக ஆராய்ந்தவர் ஸ்ப்ரெங்கல் என்னும் ஜெர்மானியப் பள்ளித் தலைமையாசிரியர். அவருடைய நூல் 1793ல் வெளிவந்தது. அன்றைய அறிஞர் உலகம் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. பிற்பாடு டார்வின்தான் அதன் அருமையை உணர்ந்தார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் எல்லைப்புறத்தில் வேறொரு கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் மன்றோவும் நிலத்தையும் வரியையும் அளந்தார்கள். வரி கட்டும் விளைச்சலுக்குக் காரணமான தேனீ அந்த ஏடுகளில் ஏறவில்லை. ஏற வழியுமில்லை, அந்த அறிவே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் பாதிரியார் தென்னிந்தியத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்து, 1911 முதல் பலருக்குப் பயிற்சி அளித்தார். அன்று தொடங்கிய வளர்ப்பு பெருகி நின்ற வேளையில், 1991-92ல், தாய்லாந்தில் முன்பே கண்டறியப்பட்டிருந்த ஒரு வைரஸ் நோய் தென்மாநிலங்களைத் தாக்கியது. புழுப் பருவத்திலேயே தேனீக்கள் மடிந்தன; கூட்டம் கூட்டமாகப் பெட்டிகள் காலியாயின. தேன் விலை ஏறியதைப் பலரும் கவனித்திருப்பார்கள். காய்க்காமல் போன பூக்களை யார் எண்ணினார்கள்?

இனி ஓசூருக்கு வருவோம். 1970களில் தொடங்கிய சிப்காட் தொழிற்பேட்டைக்கு வெளியே, சூளகிரி வரையிலும் கொத்தமல்லி வயல்கள் உண்டு. சூளகிரிச் சந்தைக்கு அந்தத் தழைதான் அடையாளம். விதைக்கு வளர்த்தால் ஏறத்தாழ நூறு நாள் ஆகும் பயிர், இங்கே நாற்பது நாற்பத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கிக் கட்டப்படுகிறது. பூ வருவதற்குள் லாரி வந்துவிடுகிறது. அருகிலுள்ள பசுமைக்குடில்களில் ரோஜாவும் மொட்டாகவே வெட்டப்படுகிறது. பெருநகரம் பக்கத்தில் இருக்கும்போது உழவர் இப்படிக் கணக்கிடுவதில் குற்றம் காண ஏதுமில்லை. ஆனால் தழைக்காக ஊன்றப்படும் ஒவ்வொரு விதையும், விருதுநகர்க் கரிசலிலோ ராஜஸ்தானிலோ வேறெங்கோ ஒரு வயல் பூக்க விடப்பட்டதால் கிடைத்தது. அந்தப் பூவுக்கு வந்த தேனீயின் கடன் இந்த வயலின் மீதும் இருக்கிறது.

இந்த மாவட்டமே பூச்சியை மறந்து வாழ்ந்துவிட முடியாது. மானாவாரி நிலங்களில் விளையும் பேய் எள், கன்னடத்தில் ஹுச்செள்ளு, தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத பயிர்; தேனீ வராவிட்டால் மஞ்சள் பூ மட்டுமே மிஞ்சும். கிருஷ்ணகிரியின் புகழ்பெற்ற மாவும் ஈக்களையும் தேனீக்களையும் நம்பியே காய்க்கிறது. பூத்திருக்கும் காலைவேளையில் மருந்து தெளிப்பதைத் தவிர்த்து, பூச்சிகள் கூடு திரும்பிய மாலையில் தெளிப்பதே பெரிய உதவி. வரப்போரத்தில் நாலு பாத்தி கொத்தமல்லியைப் பூக்க விட்டாலும் அவற்றுக்கு உணவு கிடைக்கும்.

தமிழக, கர்நாடக எல்லைக்கோடு மனிதர் வரைந்தது. இரு பக்கமும் பறந்து உழைக்கும் இச்சிற்றுயிருக்கு ரீடின் ஏட்டிலும் இடமில்லை, இன்றைய சந்தைக் கணக்கிலும் இடமில்லை. ரீடின் காலத்தவருக்கு அறியாமை ஒரு காரணமாக இருந்தது. நமக்கு அந்தக் காரணம் இல்லை.