செருப்பும் நிழற்படமும்

வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போவது நம் வழக்கம். சரித்திரம் எழுதியவர்களும் இந்த வழக்கத்தை விடாமல் அனுசரித்திருக்கிறார்கள். கோட்டை கட்டியவன், கோயில் கட்டியவன், போரில் வென்றவன், தோற்றவன் எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காலில் கிடந்ததைத் தைத்துக் கொடுத்தவன் மட்டும் வாசலோடு நின்றுவிட்டான். பதினான்கு வருஷம் அயோத்தியை ஆண்டது ஒரு ஜோடிப் பாதுகை. அதன் பெருமையை வேதாந்த தேசிகர் ஆயிரத்தெட்டுச் சுலோகங்களில் பாடி வைத்தார். அந்தப் பாதுகையைச் செய்தவன் யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் கிடைக்காது.

இந்த விதிக்கு விலக்கான ஒரு பெயர் கன்னட நாட்டில் உண்டு. அது 12-ஆம் நூற்றாண்டு. கல்யாண நகரில் பிஜ்ஜள மன்னனிடம் அமைச்சராக இருந்தார் பசவண்ணர். செருப்புத் தைக்கும் ஹரளய்யா என்ற அடியார் ஒருநாள் வழியில் அவரைக் கண்டு கைகூப்பி ஒரு முறை 'சரணு' என்றார். பசவண்ணர் பதிலுக்கு இரண்டு முறை வணங்கினாராம். ஒன்று கொடுத்து இரண்டு வாங்கிவிட்டோமே, இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று ஹரளய்யா தவித்தார். கடைசியில் தம் தொடைத் தோலையும் மனைவியின் தொடைத் தோலையும் உரித்துப் பதப்படுத்தி, ஒரு ஜோடிச் செருப்புச் செய்து கொண்டுபோனார். பசவண்ணர் அதைக் காலில் போடவில்லை. தலையில் வைத்துக்கொண்டார் என்று கதை முடிகிறது.

கதை முடிந்தாலும் ஹரளய்யாவின் வாழ்க்கை அத்துடன் முடியவில்லை. பிராமண குலத்தில் பிறந்து சரணர்களோடு சேர்ந்துவிட்ட மதுவரசர் தம் மகளை ஹரளய்யாவின் மகனுக்குக் கொடுத்தார். அந்தக் கல்யாணத்தை ஊர் பொறுக்கவில்லை. இரண்டு சம்பந்திகளும் மன்னனின் தண்டனைக்கு இரையானார்கள் என்று சரணர் மரபு சொல்லுகிறது. ஒரு செருப்புத் தொழிலாளியின் பெயர் எட்டு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருக்கிறதென்றால், அதற்கு அவர் கொடுக்க வேண்டியிருந்த விலை அவ்வளவு!

ஹரளய்யாவை இன்றும் மறக்காத வட கர்நாடகமும், அதை ஒட்டிய தென் மராட்டியமும்தான் கோலாப்பூர்ச் செருப்பின் தாய்நாடு. கோலாப்பூர், சாங்லி, சாதாரா, சோலாப்பூர் என்று மராட்டியத்தில் நான்கு ஜில்லாக்கள். பெல்காவி, பாகல்கோட், தார்வாட், விஜயபுரா என்று கர்நாடகத்தில் நான்கு. 1894 முதல் 1922 வரை கோலாப்பூரை ஆண்ட சாகு மகாராஜா இந்தத் தொழிலை ஆதரித்து வளர்த்தவர். 1902-இல் தம் சமஸ்தானத்து உத்தியோகங்களில் பாதியைப் பின்தங்கிய வகுப்பாருக்கு ஒதுக்கிய அதே மகாராஜாதான்.

இந்தச் செருப்பு உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால், அதைக் காலில் போட்டு நடக்கிறவர் கொஞ்சம் மெதுவாகவே நடப்பார். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்குவார்கள். பிறகு அந்தத் தோலையே ஒரு பைபோலத் தைத்துத் தொங்கவிட்டு, அதற்குள் கருவேலம் பட்டையும் கடுக்காயும் ஊறிய சாற்றை ஊற்றுவார்கள். சாறு தோலின் வழியாகக் கசிந்து கசிந்து இறங்கும். இறங்கியதை எடுத்து மறுபடியும் மேலே ஊற்றவேண்டும். நம் பக்கத்தில் ஆவாரம் பட்டை செய்த காரியத்தை அங்கே கருவேலம் பட்டை செய்கிறது. இப்படி வாரக்கணக்கில் பொறுமையாகப் பதப்பட்ட எருமைத் தோல்தான் செருப்பின் அடிப்பாகம். ஆணி கிடையாது, தோலைத் தோல் வாரினாலேயே தைப்பார்கள். மேலே வரும் பின்னல் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. வெட்டுவதும் தைப்பதும் கணவன், பின்னுவதும் அழகு செய்வதும் மனைவி என்று குடும்பமே உட்கார்ந்தால்தான் ஒரு ஜோடி எழும்பும்.

பழைய நாட்டுப்புறத்து ஜோடிகளுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. நடந்தால் 'கர், கர்' என்று சத்தம் கேட்கும். வருகிறவர் முகம் தெரிவதற்கு முன்னாலேயே வருகை தெரிந்துவிடும். அந்தச் சத்தத்துக்காகவே விரும்பி வாங்கியவர்கள் உண்டு.

சத்தத்தைப் படம் பிடிக்க முடியாது. தோலின் மணத்தையும் முடியாது. இங்கேதான் நிழற்படம் இந்தக் கதைக்குள் வருகிறது.

கைவேலைப் பொருளைப் படம் பிடிக்கும் பழக்கம் நேற்று முளைத்ததல்ல. நிழற்படக் கலையோடு கூடப் பிறந்தது. அந்தக் கலையைக் கண்டவர்களில் ஒருவரான டால்பட் என்ற ஆங்கிலேயர், 1844-இல் வெளியிடத் தொடங்கிய தம் புத்தகத்தில், அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் சாமான்களின் படம் ஒன்றைச் சேர்த்திருந்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் சுவாரசியமானது. இத்தனை சாமான்களையும் எழுத்தில் ஜாபிதா எழுத வெகுநேரம் ஆகும். படத்துக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். நாளைக்கு ஒரு திருடன் இவற்றைக் கொண்டுபோய்விட்டால், வாய் பேசாத இந்தப் படம் நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லுமல்லவா என்று அவர் கேட்டார்.

ஆக, பொருளின் படம் உலகத்துக்கு வந்ததே திருட்டுக்குச் சாட்சியாகத்தான். ஆனால் சாட்சி சொல்லத் தெரிந்தவனுக்கு உளவு சொல்லவும் தெரியும். படத்தைப் பார்த்துப் பொருளைத் தேடுகிறவன் ஒருவன். படத்தைப் பார்த்துப் பொருளைக் காப்பியடிக்கிறவன் இன்னொருவன்.

இந்த இரண்டாவது வித்தையை அரசாங்க ரீதியாகவே செய்து காட்டியவர் லண்டனில் இந்தியப் பொருள்களுக்கு அதிகாரியாக இருந்த பார்ப்ஸ் வாட்சன். 1866-இல் அவர் இந்தியத் துணிகளின் மாதிரிகளை வெட்டி ஒட்டி, 700 மாதிரிகள் கொண்ட 18 தொகுதிகளாகத் தயாரித்தார். இருபது பிரதிகள் செய்து, பதின்மூன்றைப் பிரிட்டனிலும் ஏழை இந்தியாவிலும் வைத்தார்கள். இந்தியர் எதை உடுத்த விரும்புகிறார்கள் என்று ஆங்கிலேய ஆலைக்காரர்கள் தெரிந்துகொள்ளவேண்டும்; அதையே நெய்து இந்தியாவுக்கு அனுப்பவேண்டும். அதுதான் நோக்கம். இது படமல்ல, துணியேதான் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் வேலை ஒன்றுதான்: பொருளைச் செய்தவனிடமிருந்து பிரித்து, அவன் இல்லாத ஊருக்குக் கொண்டுபோவது.

செய்தவனையே படம் பிடித்தபோதும் நிலைமை மாறிவிடவில்லை. அதே வாட்சனும் ஜான் கே என்பவரும் சேர்ந்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக இந்திய ஜனங்களின் படங்களை வெளியிட்டார்கள். முகம் தெளிவாக இருக்கும். ஆனால் கீழே பெரும்பாலும் ஜாதியின் பெயர்தான் இருக்கும். ஆளின் பெயரைத் தேட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தோல் தொழிலாளியை இப்படி மறந்த நிழற்படம், தன் உடம்புக்கே தோலுக்குக் கடன்பட்டது. 1871-இல் மாடக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர், வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசலாம் என்று எழுதினார். அதிலிருந்து பிலிம் ஆண்ட காலம் முழுவதும் ஜெலட்டின்தான் ஆதாரம். ஜெலட்டின் எங்கிருந்து வருகிறது? மாட்டு எலும்பிலிருந்தும், பதனிடுகிறவன் கழித்துப்போட்ட தோல் துண்டுகளிலிருந்தும். 1888-இல் வந்த முதல் கோடாக் காமிராவின் பெட்டிக்கும் மேலுறை தோல்தான். மடக்குக் காமிராக்களின் துருத்தியும் தோல்தான்.

ஒரே மாதிரி தயாரித்த ஜெலட்டினில் ஒன்று நன்றாகப் படம் பிடிக்கும், இன்னொன்று மந்தமாக இருக்கும். காரணம் தெரியாமல் கம்பெனிகள் திண்டாடின. 1925-இல் கோடாக் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஷெப்பர்ட் அதற்கு விடை சொன்னார்: மாடு தின்ற கடுகுச் செடியிலிருந்து வந்த ஒரு கந்தகப் பொருள், தோலில் தங்கி ஜெலட்டினுக்கு வந்து, வெள்ளி உப்புக்கு ஒளியை உணரும் சக்தியைக் கூட்டுகிறதாம். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்ற நம் பழமொழி சினிமாக் கொட்டகை வரைக்கும் செல்லுபடியாகும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்!

தோலும் படமும் இப்படி ரத்த உறவு கொண்டாடினாலும், தோலைப் படம் பிடிப்பது சுலபமல்ல. இன்று கையில் ஒரு போனோடு தன் சரக்கைத் தானே படம் எடுத்து விற்கிற சிறு தொழிலாளிக்கு இது தெரியும். விளக்கை நேருக்கு நேர் அடித்தால் தோல் பளபளவென்று தகரம்போல் விழும். அதன் ரேகையெல்லாம் மறைந்துபோகும். கறுப்புத் தோல் வெளிச்சத்தை விழுங்கிவிட்டு வெறும் இருட்டாகப் படுத்திருக்கும். ஜன்னலோரமாக, ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்தால்தான் தையலின் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியும். இவ்வளவும் செய்து படம் நன்றாக அமைந்துவிட்டால் வேறொரு வம்பு. எந்த இரண்டு தோலும் ஒரே நிறமாக இருப்பதில்லை. 'படத்தில் பார்த்ததுபோல் இல்லையே' என்று வாங்கினவர் திருப்பி அனுப்புகிறார். ஆறு மாதம் போட்டு நடந்தால் கால் எண்ணெயும் வெயிலும் பட்டு நிறம் கனியும், அடிப்பாகம் பாதத்தின் வடிவத்துக்குப் படியும். அதை எந்தப் படம் முன்கூட்டிச் சொல்லும்?

இந்தச் சில்லறைச் சங்கடங்களைக் காட்டிலும் பெரிய சங்கடம் 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் வந்தது. இத்தாலியில் மிலான் நகரத்தில் பிராடா கம்பெனி ஆடவருக்கான புதிய உடைகளின் காட்சி ஒன்று நடத்தியது. மேடையில் நடந்த இளைஞர்கள் சிலரின் காலில் பெருவிரல் வளையத்தோடு கூடிய தட்டைத் தோல் செருப்பு. கம்பெனியின் வர்ணனையில் அது வெறும் 'தோல் செருப்பு'. ஊர்ப் பெயர் இல்லை. செய்யும் மக்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் படங்கள் உலகம் சுற்றின. கோலாப்பூரில் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் பிள்ளையைப் படத்தில் பார்த்தால் தாய்க்கு அடையாளம் தெரியாதா?

இந்தச் செருப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. மேலே சொன்ன எட்டு ஜில்லாக்களுக்கும் அது பொது. ஆனால் அந்தச் சட்டம் பெரும்பாலும் காப்பது பெயரை. வேறு எங்கோ செய்த செருப்பைக் 'கோலாப்பூர்' என்று சொல்லி விற்றால் குற்றம். உருவத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டால்? சட்டம் தலையைச் சொறிகிறது. பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கு ஜூலை மாதம் தள்ளுபடியாயிற்று. குறியீட்டுக்கு உரியவர்கள்தான் வழக்குக்கு வரவேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

சட்டம் செய்யாததைச் சாட்சி செய்தது. கண்டனம் பெருகியதும், அந்தச் செருப்பு இந்தியக் கைத்தொழில் மரபிலிருந்து பிறந்ததுதான் என்று பிராடா எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது. அதன் ஆட்கள் ஜூலையில் கோலாப்பூருக்கு வந்து பட்டறைகளைப் பார்த்தார்கள். டிசம்பரில் இரு மாநிலங்களின் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, மராட்டியத்திலும் கர்நாடகத்திலும் 2,000 ஜோடிகள் செய்து விற்கப்போவதாக அறிவித்தது. விலை ஜோடிக்குச் சுமார் 800 யூரோ. அதாவது எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். டால்பட் சொன்ன வாய் பேசாத சாட்சி, 181 வருஷம் கழித்து, நீதிமன்றத்துக்கு வெளியே நின்று வாய் திறந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? அவ்வளவு சுலபமாகச் சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை. எண்பதாயிரத்தில் தைத்தவன் கைக்கு எவ்வளவு வரும், பின்னியவள் கைக்கு எவ்வளவு வரும் என்பதுதான் கேள்வி. 'கோலாப்பூர்' என்ற ஊர்ப் பெயர் மேடை ஏறிவிட்டது. ஊர்ப் பெயர் மட்டும் போதுமா? ஓர் ஊரின் பெயர் அந்த ஊரின் வியாபாரிக்கும் சொந்தம், கடைக்காரருக்கும் சொந்தம். குத்தூசி பிடித்துக் காய்த்துப்போன கைக்கு அதற்கென்று தனிப்பெயர் உண்டு.

நல்லவேளையாக அந்தத் திசையிலும் ஒரு அடி வைத்திருக்கிறார்கள். மராட்டிய அரசின் தோல் தொழில் கழகமான லிட்காம், செருப்புகளுக்குக் கியூ.ஆர். முத்திரை போடும் ஏற்பாட்டை 2025-இல் அறிவித்தது. போனைக் காட்டினால் அந்த ஜோடியைச் செய்த தொழிலாளி அல்லது பட்டறையின் பெயரும் இடமும் செய்முறையும் தெரியுமாம். கட்டம் கட்டமாகக் கறுப்பு வெள்ளையில் உள்ள அந்தச் சின்ன முத்திரையும் போனின் காமிரா பார்க்கிற ஒரு படம்தான். ஆனால் இது உருவத்தைக் காட்டும் படமல்ல; ஆளைக் காட்டும் படம்.

ஹரளய்யா தம் பெயர் நிலைக்கத் தோலை உரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இனி வருகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். செருப்பைப் படம் பிடிக்கிறவர்கள், விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் எல்லாரும் படத்துக்குக் கீழே இன்னார் தைத்தது, இன்னார் பின்னியது என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இல்லாவிட்டால் கேட்கவேண்டும். செருப்பு வாசலிலேயே இருக்கட்டும், அது நம் வழக்கம். அதைச் செய்தவரை இனியாவது உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்போம்.