சட்டத்தரணியின் தவணைத் தவறும் வன்னியின் காணி வழக்குகளும்

குடியியல் வழக்கில் சட்டத்தரணி தவறவிடும் காலக்கெடுவின் சுமை பெரும்பாலும் கட்சிக்காரரின் தலையிலேயே விழுகிறது. இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைப்படி, பிரதிவாதியின் மறுமொழி உரிய நாளில் தாக்கல் செய்யப்படாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்ச விளக்கத்துக்குச் செல்லலாம். அதன் தீர்ப்பாணை கையளிக்கப்பட்ட 14 நாட்களுக்குள் அதை நீக்கக்கோரி, நியாயமான காரணம் காட்டி பிரதிவாதி விண்ணப்பிக்கவேண்டும் என்கிறது 86(2)ஆம் பிரிவு. சாட்சி, ஆவணப் பட்டியலை விளக்கத்துக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் தரவேண்டும் என 121(2)ஆம் பிரிவு நெடுங்காலம் விதித்திருந்தது. பட்டியலில் சேராத ஆவணம் நீதிமன்றின் அனுமதியின்றிச் சான்றாகாது. 1991ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளியான பாக்கியதன் எதிர் சிங்கராஜா வழக்கில் உயர் நீதிமன்றம், தவறுதலை மன்னிக்கலாம், கவனயீனத்தை மன்னிக்க முடியாது என்றும், சட்டத்தரணியின் கவனயீனம் கட்சிக்காரரின் கவனயீனமே என்றும் கோடிட்டுக் காட்டியது. காலக்கெடு இறுக்கமாகவே இருக்கட்டும். அதைத் தவறவிட்டதற்கான தண்டனை மட்டும் தவறியவரைச் சேரவேண்டும்.

வன்னியில் இக்கோட்பாட்டின் விளைவு கடுமையானது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் 2009இல் போரின்போது காணி உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் இழந்து செட்டிகுளம் முகாம்களுக்குப் போனார்கள். எல்லை தெரிந்த அயலவர்களில் பலர் இறந்தோ சிதறியோ போனார்கள். எஞ்சிய சாட்சி ஒருவரும் பதிவகப் பிரதி ஒன்றுமே முழு வழக்காகும்போது, அவை பட்டியலில் விடுபட்டால் உரிமையே விடுபடுகிறது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றை அணுக முடியாதவர்களுக்குக் காலவரையறையிலிருந்து விலக்களித்தது. 26 ஆண்டுத் தாமதத்தின் காரணத்தை எடைபோட்ட சட்டம், சட்டத்தரணியின் சில நாள் தாமதத்துக்குக் கட்சிக்காரரைப் பொறுப்பாக்குவது முரண்.

விலக்களித்தால் தாமதம் பெருகும், எதிர்த்தரப்பு பாதிக்கப்படும், சட்டத்தரணியைத் தெரிவுசெய்தவர் கட்சிக்காரரே என்பன எதிர்வாதங்கள். ஆனால் இந்திய உச்ச நீதிமன்றம் 1981இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் அப்பாவிக் கட்சிக்காரரைக் காத்தது; 1993இல் சலில் தத்தா வழக்கில், அது எல்லோருக்கும் பொருந்தும் விதியல்ல என எல்லையிட்டது. அந்த எல்லை நியாயமானதே: விவரமறிந்து அசட்டையாயிருந்தவரையும், சட்டத்தரணிக்கு அதிகாரமளிக்கும் பிறோக்சியில் ஒப்பமிட்டபின் நடைமுறை அறியாதிருக்கும் விவசாயியையும் வேறுபடுத்தலாம். இங்கிலாந்தின் டென்டன் தீர்ப்பும் (2014) தவறின் பாரதூரம், காரணம், முழுச் சூழ்நிலை ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கச் சொல்கிறது. சட்டத்தரணிமீது நட்டஈட்டு வழக்குப் போடலாமே என்பதும் போதாது. பணம் வரலாம், காணி திரும்பாது.

ஆகவே விலக்கு வழங்கும்போது எதிர்த்தரப்பின் செலவைச் சட்டத்தரணியே தன் பணத்திலிருந்து செலுத்தவேண்டும். புதிய திகதி குறுகியதாகவும் இறுதியானதாகவும் இருக்கவேண்டும். காலக்கெடுவின் மதிப்பும் எதிர்த்தரப்பின் நலனும் இதனால் காக்கப்படும். பிறர் தவறுக்காக ஒருவர் காணியை இழப்பது மட்டும் நிற்கும்.