விடியும்வரை கட்டிய வேஷம்: ஊத்தங்கரை வட்டாரப் பாரதக் கூத்தில் நடிகர் களைப்பின் வரலாறு

ஊத்தங்கரைப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழாவின் கடைசி இரவு பதினெட்டாம் போர். இரவு ஒன்பது, பத்து மணிக்குக் களரி கட்டுவார்கள். துரியோதனன் வேஷக்காரர் முகத்தில் அரிதாரம் பூசி, தோளிலும் மார்பிலும் கட்டைகளை இறுக்கி, கிரீடம் வைத்துத் திரைக்குப் பின்னால் நின்று பாட்டெடுப்பார். கூத்து முடிவதற்குள் பொழுது விடிந்துவிடும். அவர் வேலை மட்டும் முடிந்திருக்காது. கோயில் திடலில் மண்ணால் செய்து கிடத்தியிருக்கும் பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி, வெயில் ஏற ஏற, வீமன் துரத்த ஓடவேண்டும், நின்று பாடவேண்டும், தர்க்கம் பேசவேண்டும், தொடையில் அடி விழுந்து சாயவேண்டும். படுகளம் என்னும் இந்தக் காட்சியில் பாஞ்சாலி கூந்தல் முடிந்த பிறகுதான் அவர் கட்டை அவிழ்க்கலாம். சனங்கள் மாலைத் தீமிதிக்குத் தயாராவார்கள். அவர் அடுத்த ஊருக்கு வண்டி ஏறுவார்.

இரவு முழுவதும் பாடி ஆடிய உடம்பிடம் அதன் உச்சமான வேலையைக் காலையில் கேட்கும் கலை இது. பல தலைமுறை நடிகர்கள் இதைத் தாங்கியிருக்கிறார்கள். எப்படித் தாங்கினார்கள், அந்தத் தாங்கு எப்போது தளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அந்தக் காலத்து ஆட்கள் கம்பும் கேழ்வரகும் தின்று திடமாக இருந்தார்கள், இன்றைய பையன்களுக்குத் தெம்பில்லை என்று ஊரில் சொல்லப்படும் விடையை நான் ஏற்கவில்லை. கூத்தின் அமைப்பிலேயே இளைப்பாற இடம் இருந்தது. கடந்த ஒரு நூற்றாண்டில் அந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோயின.

முதலில் இடத்தைப் பற்றி. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன பாராமகாலின் ஒரு பகுதி ஊத்தங்கரை. நெடுங்காலம் சேலம் ஜில்லாவில் இருந்து, 1965-இல் தருமபுரி மாவட்டத்துக்கும் 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் போனது. கிழக்கே செங்கம், வடக்கே திருப்பத்தூர், தெற்கே அரூர், வடமேற்கே கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் தாண்டினால் கர்நாடகம். வட ஆர்க்காட்டுக் கூத்தும் சேலத்துக் கூத்தும் தொட்டுக்கொள்ளும் இந்த நிலத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் வாசித்துப் பொருள் சொல்வார். இரவில் அந்தக் கதையே கூத்தாகும். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று நாட்கணக்கில் தொடரும்.

இனி, கூத்து நடிகரின் மூச்சைக் கவனிப்போம். நடிகர் ஓர் அடியைப் பாடுகிறார். பின்னால் பலகையில் உட்கார்ந்திருப்பவர்கள் அதையே திருப்பிப் பாடுகிறார்கள். அந்தப் பின்பாட்டு ஓடும் நேரத்தில் நடிகர் அடவு போடுகிறார், கிறிக்கி சுற்றுகிறார், மூச்சு வாங்குகிறார். அவர் மறுபடி வாயைத் திறக்கும்போது சுருதி காத்திருக்கிறது. முகவீணை அதை விடாமல் பிடித்திருக்கிறது. பின்பாட்டுப் பாடுவோரில் பாதிப்பேர் தம் முறைக்காகக் காத்திருக்கும் வேஷக்காரர்கள்தான். இப்படி ஒருவர் தொண்டையின் பாரம் நாலைந்து தொண்டைகளுக்குப் பகிரப்பட்டது. கட்டியக்காரன் என்னும் கோமாளி வந்து ராஜாவைக் கேள்வி கேட்டுக் கேலி பேசும் நேரம் சனங்களுக்குச் சிரிப்பு. ராஜாவுக்கு அது ஓய்வு. பாட்டுக்குப் பின் வசனம், வசனத்துக்குப் பின் விருத்தம், பிறகு தரு என்று மாறிமாறி வரும் வரிசையில் தொண்டை ஒரே விதமாக உழைப்பதில்லை. கதை தெரிந்த சனங்கள் முன் குழுவின் வாத்தியார் ஒரு பாட்டைச் சுருக்கலாம், கோமாளியின் நேரத்தை நீட்டலாம். துரியோதனனுக்குத் தொண்டை கம்முகிறது என்று தெரிந்தால் மத்தளக்காரர் ஒரு சுற்று கூடுதலாக வாசிப்பார். களரியில் யாரும் அதைக் குறையாகச் சொல்லமாட்டார்கள்.

உடற்கூறு இதற்குச் சான்று சொல்கிறது. ஆண் சாதாரணமாகப் பேசும்போதே குரல்நாண்கள் வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. திறந்தவெளியில் கடைசி வரிசைக்கும் கேட்க உச்சத்தில் பாடும்போது அது முந்நூறு, நானூறு என்று ஏறும். இடைவெளி இல்லாவிட்டால் நாண்கள் வீங்கும். வீங்கிய நாண்களை அசைக்க இன்னும் அதிக அழுத்தம் தேவை. அந்த அழுத்தமே வீக்கத்தைக் கூட்டும். போதாக்குறைக்கு, உடலின் வெப்பம் ஒரு நாளில் மிகவும் தாழும் நேரம் பின்னிரவு மூன்று, நான்கு, ஐந்து மணி. கர்ணன் சாவதும் அபிமன்யு சூழப்படுவதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். சுக்கு, மிளகு, அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் தொண்டைக்கு இதம் தரும். ஆனால் காயும் நாணுக்கு வேண்டியது தண்ணீரும் சிறிதுநேர மௌனமும். இவை இரண்டையும் கூத்தின் கட்டமைப்பு கொடுத்தது.

அமைப்பின் இன்னொரு தூண் முறை. இன்ன ஊரில் ஆடும் உரிமை இன்ன குடும்பத்துக்கு என்ற பரம்பரை ஏற்பாடு வட மாவட்டங்களில் இருந்ததை ஹன்னெ டி புரூயின் தம் கட்டைக்கூத்து ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஏற்பாட்டில் சாதியின் கொடுமையும் அவமதிப்பும் இருந்தன. அதைத் திரும்பக் கேட்பவன் அல்லேன் நான். ஆனாலும் ஒரு பருவத்தில் எத்தனை இரவு ஆடவேண்டியிருக்கும் என்பதற்கு அது எல்லை போட்டிருந்தது. முறை தளர்ந்து, தாம்பூலமும் அச்சாரமும் கொடுத்து எந்த ஜமாவையும், அதாவது கூத்துக் குழுவையும், பேசி அழைத்துவரலாம் என்று ஆனபோது, பங்குனி முதல் ஆடி வரை இரவு விடாமல் ஆடுவதே பிழைப்பின் கணக்காகிவிட்டது.

இந்த மாற்றம் நடந்த காலத்தில்தான் நாடகக் கம்பெனிகள் வளர்ந்தன. பார்சி நாடகத்தின் வழியாக வந்த ஹார்மோனியம், படுதா, டிக்கெட் ஆகியவற்றோடு இன்னொன்றும் வந்தது: பாட்டின் பாரத்தை ஒரே ஆள் சுமக்கும் ராஜபார்ட். சங்கரதாஸ் சுவாமிகள் 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் கட்டினார். பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் மாதக்கணக்கில் ஊர் ஊராகக் கூடாரமிட்டு இரவு நாடகம், பகல் பாடம் என்று வாழ்ந்தார்கள். அவர்களுடைய பெரிய பயம் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைந்ததும் நேற்றுவரை கைதட்டல் வாங்கிய பையன் இன்று கூட்டத்தில் ஒருவன். உடைந்துகொண்டிருக்கும் குரலை வற்புறுத்திப் பாடவைத்தால் அது நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்பது இன்று யாரும் ஒப்பும் செய்தி. அன்று டிக்கெட் விற்றாகவேண்டும். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பேர் வாங்கிய பி.யு. சின்னப்பா குரல் உடைந்த பிறகு அந்த வாழ்க்கையை விட்டு விலகி, சிலம்பமும் உடற்பயிற்சியும் பழகிய கதை பிரசித்தம்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழே ஒலிபெருக்கி இல்லாத மேடையில் உச்ச சுருதியில் எட்டாத தொலைவுக்கும் எட்டிய சாரீரத்தால் வந்தது. 1933-இல் அவர் மறைந்தபோது வயது 27. அந்தச் சாவுக்கு மேடையைக் காரணமாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அவருக்குப் பின் ராஜபார்ட் என்றால் அந்த உச்சம் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஊர்தோறும் தங்கிவிட்டது. அதே காலத்தில் வேறு பாதையில் போனவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் பாட்டைக் குறைத்து, வசனத்தை முன்வைத்து, குறித்த நேரத்தில் தொடங்கிச் சில மணி நேரத்தில் முடித்தார். நடித்தவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். மறுநாள் காலை அவர்கள் வேலைக்குப் போகவேண்டும். கற்றவர் நாடகம் நேரத்தைச் சுருக்கிக்கொண்டது. கூலிக்கு ஆடியவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

ஸ்பெஷல் நாடகம் இன்னும் ஒருபடி போனது. அதில் குழு என்பதே கிடையாது. வள்ளி ஓர் ஊரிலிருந்தும் நாரதர் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். ஒருவர் தொண்டை ஒருவருக்குத் தெரியாத இடத்தில் யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது? அங்கும் பபூன் இருக்கிறார், ஹார்மோனியக்காரர் பின்பாட்டு எடுக்கிறார். கூத்தில் வாத்தியார் செய்த வேலையில் ஒரு பங்கை அவர்தான் செய்கிறார். ஆனால் தர்க்கம் என்று வந்துவிட்டால் எதிராளியை ஓயவைப்பதே திறமை.

கம்பெனி நாடகத்தின் ஹார்மோனியப் பெட்டியும் மெட்டும் ராஜபார்ட் மோகமும் கூத்துக்குள் வந்து சேர்ந்தன. அவற்றைவிட நடிகர் உடம்பை அதிகம் மாற்றியது மைக். ஒலிபெருக்கி வந்தால் கத்த வேண்டாம், களைப்பு குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. மைக் இருந்தால் பின்பாட்டுக்கு இரண்டு பேர் போதும் என்று ஆளைக் குறைக்கலாம். குறைத்த இடத்தில் நடிகரின் மூச்சுவாங்கும் நேரமும் குறையும். மிருதங்கத்துக்கும் பெட்டிக்கும் தனித்தனி மைக், சில களரிகளில் கீபோர்டும்; குழாய் ஒலிபெருக்கிகள் சனங்களை நோக்கியே கட்டப்படுவதால் நடிகருக்குத் தம் குரல் தமக்குக் கேட்பதில்லை. தன் குரல் தனக்குக் கேட்காத மனிதன் அறியாமலே குரலை உயர்த்துகிறான் என்று 1911-லேயே பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் காட்டிவிட்டார். தீவட்டி வெளிச்சத்தில் கத்தியதைவிட மின்விளக்கின் கீழ் அதிகம் கத்துகிறார் நம் துரியோதனன். கிறிக்கி சுற்றிவிட்டு மைக்குக்கு ஓடிவந்து அடியைப் பிடிக்கவேண்டியிருப்பதால், ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் நடுவிலிருந்த ஓரிரு மூச்சும் அந்த ஓட்டத்தில் போய்விடுகிறது.

ஓசூர்ப் பக்கம் இந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயம் சேர்த்தது. 1970-களில் சிப்காட் வந்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் அங்கே உற்பத்தியைத் தொடங்கின. மூன்று ஷிப்ட் வாழ்க்கை பழகியது. ஊத்தங்கரை, பர்கூர்ப் பக்கத்து இளைஞர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். பகல் வேலையையும் இரவு வேஷத்தையும் ஒரே உடம்பால் செய்வது நிலத்தில் பாடுபட்ட பழைய கூத்தாடிக்கும் இருந்ததுதான். ஆனால் கோடைக் கூத்துப் பருவம் அன்று அறுவடை முடிந்த ஓய்வுப் பருவத்தோடு பொருந்தியிருந்தது. ஆலைக்குச் சித்திரையும் கிடையாது, ஆடியும் கிடையாது. தூக்கக் கடனோடு வரும் நடிகர் தெம்புக்குக் குடிப்பதும், குடித்த தொண்டை காய்வதும், மறுநாள் அதற்காகவே மேலும் குடிப்பதும் பல ஜமாக்களைத் தின்ற நோய். ஒழுக்கம் கெட்டவர்கள் என்று இவர்களைத் திட்டுவது எளிது. எட்டு மணி நேரம் பாடி ஆடச் சொல்லும் நாம் படுக்க ஒரு திண்ணையாவது கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

வெளியுலகம் இதை எப்படிக் கையாண்டது? நியூயார்க்கில் 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள் ஓடிய ‘ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பெரா’ இசை நாடகத்தில் நாயகி கிறிஸ்டீன் வேடத்துக்கு வாரம் எட்டுக் காட்சி. பிரதான நடிகை ஆறு காட்சி பாடுவார். மற்ற இரண்டுக்கு நிரந்தரமாக இன்னொருவர். மேடைக்குப் பின்னால் எல்லாப் பாத்திரமும் தெரிந்த மாற்றாட்கள் தயாராக இருப்பார்கள். கதாநாயகி களைப்பாள் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு போட்ட ஏற்பாடு அது. அண்டைக் கர்நாடகத்திலோ நேரமே சுருங்குகிறது. கடலோர யட்சகான மேளங்கள் பல விடியவிடிய ஆடுவதை விட்டுக் கால மிதி என்னும் குறித்த நேர ஆட்டத்துக்கு வந்துவிட்டன. கடீல் கோயில் மேளங்களும் 2022-இல் அப்படி மாறியிருந்தன. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை போடுகின்றன. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்கள்வரை நள்ளிரவு 12 மணிவரை தளர்த்தலாம். கூத்து முழு இரவும் மைக்கோடு நடப்பதற்குச் சட்டத்தில் இடம் குறைவு.

நேரத்தைக் குறைத்தால் களைப்பும் தீரும் என்று அவசரப்பட வேண்டாம். மூன்று மணி நேரத்துக்குக் கூத்தைச் சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவது கட்டியக்காரனையும் திரும்பத் திரும்ப வரும் பின்பாட்டையும்தான். மிஞ்சுவது சண்டையும் உச்சப் பாட்டும். ஓய்வை எடுத்துவிட்டு உழைப்பை மட்டும் வைத்த கூத்து அது. பாரத விழாவுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. படுகளம் காலையில்தான் நடக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் விழாக் குழுவினருக்கும் அரசுக்கும். தாம்பூலம் மாற்றும்போதே துரியோதனனுக்கு இரண்டு ஆள் பேசுங்கள்: இரவுக்கு ஒருவர், படுகளத்துக்கு ஒருவர். பின்பாட்டுக்கு நாலு பேருக்குக் குறையாமல் கூலி கொடுங்கள். ஓர் ஒலிபெருக்கியை நடிகரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். அதற்குச் செலவே இல்லை. பகலில் படுக்க நிழலும் குடிக்கத் தண்ணீரும் ஒதுக்குங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. கூத்துப் பருவம் தொடங்குமுன் மாசியிலேயே ஊத்தங்கரை அரசு மருத்துவமனையில் உறுப்பினர்களுக்குத் தொண்டைப் பரிசோதனை நடத்த வாரியம் ஏற்பாடு செய்யவேண்டும்.