எண்ணிக்கையில் வராத சிக்கனம்: தமிழ்நாட்டு வீடுகளின் சூழல் பழக்கங்களை அளப்பது பற்றி

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயத்திலும் வீட்டுத் தொழிலிலும் சேராத தொழிலாளர்கள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்ற கேள்வி இருந்தது. இந்திய அளவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்தே போனார்கள். சைக்கிளில் போனவர்கள் ஏறத்தாழ 13 விழுக்காடு. காரில் போனவர்கள் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. இதே கணக்கு ஓர் ஐரோப்பிய நாட்டிலிருந்து வந்திருந்தால் சூழல் விழிப்புணர்வின் வெற்றி என்று எழுதியிருப்பார்கள். இங்கே அதை வறுமையின் அடையாளமாகத்தான் வாசித்தோம். இரண்டு வாசிப்புமே அரைகுறையானவை. முதலாவது, செயலைப் பார்த்துவிட்டு மனத்தைக் கற்பித்துக்கொள்கிறது. இரண்டாவது, மனம் இல்லை என்பதற்காகச் செயலையே கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது.

சூழலுக்கு இசைவான பழக்கங்கள் நம் வீடுகளில் எவ்வளவு பரவலாக உள்ளன என்ற கேள்விக்கு விடை தேடும்போதெல்லாம் இந்தத் தடுமாற்றம் குறுக்கே வருகிறது. இக்கட்டுரையின் வாதம் இது: தமிழ்நாட்டு வீடுகளில் உண்மையிலேயே பரவலாக உள்ள பழக்கங்கள் எவையும் வீட்டாரின் சூழல் அக்கறையால் நிற்பவை அல்ல. ஒரு விலையோ, வாசலுக்கு வரும் ஒரு ஆளோ, ஒரு பற்றாக்குறையோ அவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. தாங்கும் பொருள் விலகினால் பழக்கமும் போய்விடும். ஆகவே ‘எத்தனை வீடுகள் செய்கின்றன’ என்ற எண்ணிக்கையைவிட, ‘எது இருப்பதால் செய்கின்றன’ என்பதே அளக்கத்தக்கது.

செயலை அதன் நோக்கத்தால் வகைப்படுத்துவதா, விளைவால் வகைப்படுத்துவதா என்ற பிரிவினையைச் சூழல் நடத்தை ஆய்வாளர் பால் ஸ்டெர்ன் 2000இல் தெளிவாக முன்வைத்தார். அதன் பிறகு வந்த கருத்தாய்வுகள் இரண்டையும் ஒத்துக்கொண்டாலும் நடைமுறையில் நோக்கத்தின் பக்கமே சாய்ந்தன. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பு 2008, 2011, 2022 ஆகிய ஆண்டுகளில் நடத்திய குடும்பக் கணக்கெடுப்புகள் இத்துறையின் பெரிய தரவுகளில் சேரும். 2022இல் மட்டும் ஒன்பது நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் கேட்டார்கள். அந்த ஒன்பதில் இந்தியா இல்லை. இல்லாதது பெரிய குறையல்ல. அங்கே உருவான கேள்விப் பட்டியலை மொழிபெயர்த்து மதுரையிலும் சேலத்திலும் நீட்டுவதுதான் குறை. சூழலுக்கு உகந்த பொருளைத் தேர்ந்து வாங்குகிறீர்களா என்று கேட்டால், பொருளே வாங்காத வீடு ‘இல்லை’ என்றுதான் பதில் சொல்லும். குறைவாக வாங்கும் வீடு குறைந்த மதிப்பெண் பெறும் விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது.

நம் அரசின் பட்டியலும் இதிலிருந்து முழுதாகத் தப்பவில்லை. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘லைஃப்’ இயக்கம் தனிமனிதர்களுக்கு 75 செயல்களைப் பரிந்துரைக்கிறது. சிக்னலில் வண்டியை அணைத்து வைப்பது அவற்றில் ஒன்று. வண்டியே இல்லாதவர் அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவார்?

கேள்வியைத் திருத்தினாலும் பதிலில் ஒரு சிக்கல் மிஞ்சும். சூழல் நடத்தை பற்றி மக்கள் தாமே சொல்வதையும் புறத்தே அளந்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் கோர்மோஸ், கிஃபர்ட் இருவரும் 2014இல் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.46 என்று வந்தது. அளந்த நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சொன்ன பதில் விளக்குகிறது என்பது இதன் பொருள். வில்லியம் ராத்ஜே 1973இல் அமெரிக்காவின் டூசான் நகரில் தொடங்கிய குப்பை ஆய்வு இதைவிட நேரான வழியில் போனது. வீட்டாரிடம் கேட்பதோடு நிறுத்தாமல் அவர்கள் வெளியே வைத்த குப்பையைத் தரம்பிரித்து எண்ணினார்கள். குடித்ததாகச் சொன்ன அளவைவிடக் குப்பையில் கிடந்த மது பாட்டில்கள் அதிகம். நம் பல்கலைக்கழகங்களில் சூழல் விழிப்புணர்வு பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஐந்து புள்ளி அளவுகோலோடு நின்றுவிடுகின்றன. குப்பைத் தொட்டிக்குள் கைவிடும் துணிவு நம் சமூக அறிவியலுக்கு இன்னும் வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இனி, பட்டியல்களில் இடம்பெறாதவற்றைப் பார்ப்போம். மாதம் ஒருமுறை பழைய பேப்பர்காரர் வருவார். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, எண்ணெய் டின், பீர் பாட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. கழுவிக் காயவைத்த பால் கவர்களுக்கும் விலை உண்டு. பழைய சேலை, பேன்ட்டுகளுக்குப் பாத்திரக்காரர் ஒரு எவர்சில்வர் கிண்ணமாவது தருவார். உடைந்த பித்தளையும் அலுமினியமும் ஒரு காலத்தில் பேரீச்சம்பழமாக மாறின. இன்று காயலான் கடையில் பணமாக மாறுகின்றன. அரிசி களைந்த கழுநீரும் காய்கறித் தோலும் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும். பழைய வேட்டி தூளியாகி, பிறகு கரித்துணியாகி, கடைசியில் அடுப்படியில் முடியும். இரவு மிஞ்சிய சோறு காலையில் பழையதாகும்.

இவற்றில் எதையும் ‘மறுசுழற்சி செய்கிறேன்’ என்று சொல்லி எந்த வீட்டாரும் செய்வதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மறுமுனையில் ஒருவர் நிற்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்: எடைபோட்டுக் காசு தரும் ஆள், பண்டமாற்றுக்கு வரும் ஆள், மாடு வைத்திருக்கும் ஆள். மறுமுனை அறுந்தால் என்ன ஆகும் என்பதை நகரங்களில் பார்க்கிறோம். மாடு வெளியேறிய தெருவில் கழுநீர் சாக்கடைக்குப் போகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர் பழைய பேப்பர்காரரை உள்ளே விடாத இடத்தில் அட்டைப்பெட்டி குப்பைத் தொட்டிக்குப் போகிறது. அந்த வீட்டார் மனம் மாறிக் கெட்டுப்போனவர்கள் அல்லர். கிராமத்து வீட்டிலிருந்து அதே கைகளோடுதான் வந்தார்கள்.

இங்கே ஒரு சறுக்கல் எளிதில் நேரும். ‘நம் முன்னோர் இயற்கையோடு வாழ்ந்தார்கள்’ என்று முடித்துவிடும் எழுத்து தமிழில் ஏராளம். அதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைய வீடு குறைவாக எறிந்ததற்குக் காரணம், எறிவதற்குக் குறைவாக இருந்ததுதான். சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பாத்திரம் துலக்கிய உழைப்பு முழுவதும் பெண்களுடையது. ஊரின் கழிவை அப்புறப்படுத்தும் சுமை சில சாதிகளின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அந்த ஏற்பாட்டின் விலையைக் கொடுத்தவர்களைக் கேட்காமல் அதைப் பசுமை மரபு என்று புகழ்வது ஆய்வாகாது. ராமச்சந்திர குஹாவும் ஹுவான் மார்ட்டினெஸ் அலியரும் 1997இல் பேசிய ‘ஏழைகளின் சூழலியம்’ வாழ்வாதாரத்துக்கான போராட்டத்தைப் பற்றியது. வீட்டுச் சிக்கனத்தின் மேல் அந்தப் பெயரை ஒட்டுவதும் பொருந்தாது.

விறகு இதற்கு நல்ல சோதனை. 2011 கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதி விறகில் சமைத்தன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் 2015–16இல் 43.8 விழுக்காடாக இருந்து 2019–21இல் 58.6 ஆயின. தமிழ்நாட்டில் இது 73.0இலிருந்து 82.9 ஆனது. அரசுகளின் இலவச எரிவாயு இணைப்புத் திட்டங்களுக்கு இதில் பங்கு உண்டு. சமையலறைப் புகையிலிருந்து பெண்களின் நுரையீரலைக் காத்த வகையில் இதை முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வு கேட்பது வீட்டின் முதன்மை எரிபொருளை மட்டுமே. கேஸ் அடுப்பில் காபியும் தாளிப்பும், கொல்லையில் விறகடுப்பில் குளிக்க வெந்நீரும் என்று இரண்டையும் வைத்திருக்கும் வீடுகள் கிராமங்களில் சாதாரணம். சிலிண்டர் விலை ஏறும் மாதத்தில் சோறும் கொல்லைக்குப் போகும். வைத்திருப்பதை எண்ணினோம், பயன்படுத்துவதை எண்ணவில்லை.

மின்சாரத்தில் விலையின் ஆட்சி இன்னும் வெளிப்படை. 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறி, தொகை சட்டென்று ஏறும். அதனால் கணக்கெடுக்க ஆள் வரும் நாள் நெருங்கும்போது ஏசியை நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்க்கும் வழக்கம் நடுத்தர வீடுகளில் உண்டு. எந்த விழிப்புணர்வுப் பிரச்சாரமும் சாதிக்காத துல்லியம் அது. ஆனால் அதே 500க்காக ஒரே வீட்டுக்கு மாடிக்கொன்றும் கீழுக்கொன்றுமாக இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்வதும் நடக்கிறது. முதலாவது மின்சாரத்தைச் சேமிக்கிறது. இரண்டாவது பணத்தை மட்டும் சேமிக்கிறது. ‘மின்கட்டணத்தைக் குறைக்க நடவடிக்கை எடுக்கிறீர்களா’ என்ற கேள்விக்கு இரு வீட்டாரும் ‘ஆம்’ என்றே சொல்வார்கள்.

எல்இடி விளக்கு வேறு கதை. மலிவு விலையில் எல்இடி விளக்கு தர மத்திய அரசு 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின் மொத்தக் கொள்முதலில் ஒரு பல்பின் விலை, 2014இல் இருந்த 310 ரூபாயிலிருந்து 2016இல் 38 ரூபாயாக விழுந்தது. அதன் பிறகு குண்டு பல்பு கடையிலேயே அரிதாகிவிட்டது. இங்கே பழக்கம் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. ஒருமுறை மாட்டினால் போதும். பட்டியல்களில் ‘எல்இடி பயன்படுத்துவோர்’ விழுக்காடு உயர்ந்து தெரிவதை வைத்து வீட்டாரின் சூழல் உணர்வை மதிப்பிடுவது வீண்வேலை.

ஒருமுறை அமைத்தால் போதாதது மழைநீர்ச் சேகரிப்பு. 2003இல் அவசரச் சட்டம் மூலம் எல்லாக் கட்டடங்களிலும் அது கட்டாயமாக்கப்பட்டது. உலகில் வேறெங்கும் ஒரு மாநிலம் முழுவதும் இத்தனை வேகத்தில் நடந்ததா என்று கேட்கத் தோன்றும். குழாய் இறங்கியது, குழி வெட்டப்பட்டது, கூழாங்கல் நிரம்பியது. ஆனால் ஆண்டுதோறும் மொட்டை மாடியைப் பெருக்குவதும், குழியில் படிந்த வண்டலை அள்ளுவதும், அடைத்த வலையை மாற்றுவதும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத வேலைகள். அவற்றுக்கு விலையும் இல்லை, வாசலுக்கு வந்து கேட்கும் ஆளும் இல்லை. பற்றாக்குறை ஒன்றுதான் அவ்வப்போது நினைவூட்டுகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடம் குடமாக வரிசை நின்றபோது பல வீடுகள் அந்தக் குழியை மறுபடி தோண்டின. மழைநீர் அமைப்பு உள்ள வீடுகளின் எண்ணிக்கைக்கும் மழைநீரை நிலத்தில் இறக்கும் வீடுகளின் எண்ணிக்கைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லும் கணக்கெடுப்புதான் நமக்கு வேண்டும்.

குப்பை பிரிப்பது நேர் எதிர்நிலையில் நிற்கிறது. 2016 திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேரும் சென்னையில், பச்சை வாளி, நீல வாளி என்று வாங்கிவைத்து ஒழுங்காகப் பிரித்துவரும் வீடுகள் கணிசமாக உண்டு. இரண்டு வாளியும் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதை ஒருமுறை பார்த்த வீட்டார் மறுநாளும் பிரிப்பார்களா? இங்கே அக்கறை இருந்தது, மறுமுனைதான் இல்லை. பழைய பேப்பர் விஷயத்தில் அக்கறை இல்லாமலே பழக்கம் நிலைத்தது. இதில் அக்கறை இருந்தும் பழக்கம் உதிர்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எதைத் தாங்குகிறது என்பதில் குழப்பமிருக்காது.

துணிப்பையின் கதையும் இதை ஒட்டியதே. 2019 ஜனவரி முதல் நாள் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. சென்னைக் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் எந்திரமும் வைக்கப்பட்டது. வீட்டில் பை இல்லை என்பதல்ல சிக்கல். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் ஒரு கட்டாகவே கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன. அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் காய் வாங்குபவர் கையில் அது இருப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. விலையாலும் பற்றாக்குறையாலும் நிற்கும் பழக்கம் வருமானம் உயர்ந்ததும் சரியும்; நோக்கத்தால் நிற்பது நிலைக்கும்; ஆகவே நோக்கத்தைத்தான் வளர்க்க வேண்டும் என்பார்கள். முதல் பாதி சரி. இருசக்கர வாகனம் வைத்திருந்த இந்தியக் குடும்பங்கள் 2001இல் 11.7 விழுக்காடு, 2011இல் 21.0. நடந்தவர்கள் அக்கறையால் நடக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஓஇசிடி நாடுகளில் நோக்கம் குறைவில்லாமல் இருந்தும் அங்கே தலைக்கு வரும் நுகர்வு நம்மைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை மறுப்பாளர்கள் விளக்க வேண்டும். நோக்கத்தை நான் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. பேருந்து நிற்காத தெருவில் வாழ்பவரின் நோக்கத்தை அளந்து அவரைக் குறைசொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

கடைசியாக, ‘குடும்பம்’ என்ற அலகு. இதுவரை வீடு செய்கிறது, வீடு பிரிக்கிறது என்று நானும் எழுதிக்கொண்டு வந்தேன். வீடு எதையும் செய்வதில்லை. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். அந்த வேலையில் ஈடுபட்ட ஆண்களே நால்வரில் ஒருவர் அளவுதான். பால் கவரைக் கழுவுவதும் குப்பையைப் பிரிப்பதும் இந்த 299 நிமிடத்தின் மேல் ஏறும் வேலைகள். வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளரிடம் பெரும்பாலும் யார் பதில் சொல்கிறார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கேள்வித்தாளில் ‘குடும்பத் தலைவர் பெயர்’ என்ற கட்டத்துக்குக் கீழே, ‘பதில் சொன்னவர் இந்த வேலையைத் தம் கையால் செய்பவரா’ என்று ஒரு கட்டமும், ‘பிரித்த குப்பையை வாங்கிச் செல்பவர் யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார்’ என்று இன்னொரு கட்டமும் சேர்த்துவிட்டு அடுத்த சுற்றை நடத்திப் பார்க்கலாம். இப்போது நாம் மேற்கோள் காட்டும் விழுக்காடுகளில் எத்தனை நிற்கும் என்பது அப்போது தெரிந்துவிடும்.