டாக்கின்சியா ரோகனி

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்து மலையோடைகளில் வாழும் சிறு நன்னீர் மீன். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இடம்பெற்றுள்ளது.

2010 வரை இதற்குத் தனி அறிவியல் பெயர் கிடையாது. அவ்வாண்டு ரேமா தேவி, இந்திரா, மார்கஸ் நைட் ஆகியோர் இதைப் புதிய இனமாக விவரித்து, இலங்கை மீனியல் அறிஞர் ரோகன் பெத்தியகொடவின் பெயரால் புண்டியஸ் ரோகனி என்று அழைத்தனர். 2012இல் பெத்தியகொடவும் உடன் ஆய்வாளர்களும் புண்டியஸ் பேரினத்தைப் பிரித்தபோது, உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்சின் பெயர் தாங்கிய புதிய பேரினத்துக்கு இது மாறியது.

இதன் நெருங்கிய உறவான டாக்கின்சியா ஃபிலமென்டோசா தென்னிந்திய ஆறுகளில் பரவலாகக் காணப்படுவது. அதன் முதிர்ந்த ஆண்மீனுக்கு முதுகுத் துடுப்பின் கதிர்கள் இழைகளாக நீண்டு தொங்கும். வால் நுனிகளில் கறுப்பும் சிவப்பும் தெரியும். ரோகனியிடம் அந்த இழைகளும் இல்லை, வால் நிறங்களும் இல்லை. வாலடியில் ஒரு கரும்புள்ளி மட்டும் உண்டு. 

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் குமரி மலைகளை நனைக்கின்றன. அந்த மழைநீர் கோதையாறு, பரளியாறு வழியே இறங்குகிறது. திருவிதாங்கூர் அரசு 1897 முதல் 1906 வரை கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டியது. பரளியாற்றில் பின்னர் பெருஞ்சாணி அணை எழுந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என நாஞ்சில் நாட்டின் இருபோக நெல்லும் இந்த நீரில்தான் விளைகிறது. ஓடை மீனுக்கோ அணை ஒரு தடைச்சுவர். மேலேயும் கீழேயும் வாழும் கூட்டங்கள் கலக்க முடியாமல் பிரிகின்றன; ஓடும் நீருக்குப் பழகிய மீனுக்குத் தேங்கிய நீர் ஒத்துவருவதில்லை. மலையடிவாரக் காட்டின் பெரும்பகுதி இன்று ரப்பர்த் தோட்டம். கரைமரங்களை வெட்டினால் நிழல் போய்விடும், மழையில் அரிக்கும் மண் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்துவிடும்.

2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் மேல்மலை ஓடைகளுக்குக் காவலாக உள்ளது. அதன் எல்லைக்கு வெளியே தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் நடுவே ஓடும் ஓடைகளுக்கு அந்தக் காவல் எட்டுவதில்லை. கோடையில் நீர் வற்றும்போது மீன்கள் ஆங்காங்கே எஞ்சும் கயங்களில் ஒதுங்கும். அப்போது ஒரு கயத்தில் நஞ்சு கலந்தால் அந்த ஓடைத்துண்டின் மீன்கள் முழுவதும் போய்விடும். ஓரினத்தின் வாழிடமே இவ்வளவு குறுகியதாக இருக்கையில், ஒவ்வொரு கயமும் கணக்கில் சேரவேண்டியது.